நீலம் ஒட்டிக்கிட்ட காளான்

ஒரு ஊர்ல ஒரு மரக்கட்டை. மலைமேல விழுந்து மக்கிக் கிடந்துச்சு. அதுல ஒரு வெள்ளைக் காளான். அத்தை கதை சொல்றப்ப "ம்" சொல்லு மாறா... ஆங்.

பக்கத்து மேட்டுல குறிஞ்சி. பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்காப் பூக்குற மகாராணி. அந்த வருஷம் பூத்துச்சு பாரு, மலையே நீலம்! சனம் பஸ்ஸு பஸ்ஸா வந்து வாயைப் பொளந்துச்சு. காளானுக்கு அப்படி ஒரு வயித்தெரிச்சல். அக்காவுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தப்ப நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியே, அதே மாதிரி.

"பெருசானா என்னையும் பாப்பாங்க"ன்னு மூச்சைப் பிடிச்சுக் குடையை விரிச்சுச்சு. ஒருத்தர் பூவைப் பாத்துக்கிட்டே கட்டையில உக்காந்தாரு. சப்! குடையோரம் பிஞ்சு போச்சு.

அப்புறம் தேனீயைக் கூப்பிட்டுச்சு. "எங்கிட்டயும் வாயேன்."

"உங்கிட்ட தேன் ஏது?" ஙொய்ங்னு குறிஞ்சிக்கே போயிடுச்சு.

அப்புறம் காத்துக்கிட்ட கெஞ்சுச்சு. "அவ பூவைக் கொஞ்சம் எம்மேல கொட்டேன்." உஸ்ஸுன்னு காத்தடிச்சு, நீலப்பூ பொலபொலன்னு கொட்டி ஈரக்குடை பூரா ஒட்டிக்கிச்சு. "இப்பச் சொல்லு, யாரு அழகு?"ன்னு நிமிந்துச்சு காளான்.

தூங்கிட்டியா? "ம்."

அப்போ கூடையோட வந்தா செவந்தி. மழை பேஞ்சா இந்தக் கட்டையைத் தேடி வர்ற பொண்ணு. வீட்டுல அம்மாவுக்குக் காய்ச்சல், காளான் சாறுதான் கேட்டுப் படுத்திருக்காங்க. வந்தவ தூரத்துலயே நின்னுட்டா. "அய்யோ, நீலமா இருக்கே! விஷக்காளான்!" தொடாமத் திரும்பிட்டா.

காளானுக்குத் திக்குனு ஆச்சு. பறிக்காம விட்டா நாளைக்கு அழுகிடும். ஊரு பாக்கலேன்னு அழுதுச்சே, தன்னைத் தேடி வந்த ஒருத்தியும் போறா!

"அம்மா, மழையே!"ன்னு கத்துச்சு. காளானைப் பெத்தவ மழைதானே? சோன்னு கொட்டினா. நீலமெல்லாம் வழிஞ்சு ஓடுச்சு.

மரத்தடியில ஒதுங்குன செவந்தி எட்டிப் பாத்தா. "அட, நம்ம வெள்ளைக்குடை!" மெதுவாப் பறிச்சு, இலையில பொதிஞ்சு, கூடையில வச்சுக்கிட்டா.

"சாப்பிட்டுடுவாங்களே அத்தை?"

ஆமா. சாறு குடிச்சுட்டு அவங்கம்மா எந்திரிச்சு உக்காந்தாங்களே!

மேட்டுல குறிஞ்சி சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னுச்சு. கூடை இறங்கிப் போறதையே பாத்துச்சு. "இத்தனை பேரு வந்தாங்க. ஒருத்தராவது என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?" இப்ப வயிறு எரிஞ்சது அதுக்கு.

கதை மலை ஏறிடுச்சு. நீ போர்வைக்குள்ள இறங்கு.