விழுங்கும்போது மூடும் கண்

“இன்னொரு தடவை விழுங்கிக் காட்டு!” என்றது அணில்.

தவளையின் வாயில் ஒரு வெட்டுக்கிளி பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது. தவளை கண்களை மூடியது. புடைத்திருந்த இரண்டு கண்களும் தலைக்குள் அமுங்கின. வெட்டுக்கிளி தொண்டைக்குள் இறங்கியது. கண்கள் மறுபடியும் மேலே வந்தன.

“பார்த்தீர்களா! நான் சொன்னது சரிதானே?” மைனா கிளையில் குதித்தது. “கண் உள்ளே போய் இரையைத் தள்ளிவிடுகிறது. பாதி வேலை வாயுடையது, பாதி வேலை கண்ணுடையது!”

“அடேயப்பா! இத்தனை வருஷம் கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே!” என்றது ஆமை.

“எனக்கே தெரியாது” என்றது தவளை. அதற்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதைப் பற்றி யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

வெயில் தாழ்ந்ததும் நான்கும் குளக்கரை நாவல் மரத்தடியில் கூடும். யாருக்கும் தெரியாத ஒரு செய்தியை மைனா கொண்டுவரும். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்று ஒரு நாள் சொன்னது. நண்டுக்கு வயிற்றுக்குள்ளும் பல் உண்டு என்று இன்னொரு நாள். கேட்கிற மூன்று வாய்களும் பிளக்கும். அதைப் பார்க்கத்தான் மைனா அவ்வளவு தூரம் பறந்தது.

கோடை முற்றியது. தூரத்துத் தோப்புகளில் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. மைனா பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கத் தொடங்கியது.

“அணிலே, உன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்கத்தான் நீ எப்போதும் எதையாவது கொறிக்கிறாய்!”

“அப்படியா! நான் பசி என்றல்லவா நினைத்தேன்!”

“ஆமையண்ணே, உங்கள் ஓட்டுக்கும் உணர்ச்சி உண்டு!”

“அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? போன வாரம் நீ மேலே எச்சமிட்டபோதே தெரிந்தது.”

மூன்றாவதாகத்தான் தவளையின் முறை வந்தது.

நல்ல செய்தி ஓரிடத்தில் நிற்காது. அணில் அதைக் கொண்டைக்குருவியிடம் சொன்னது. கொண்டைக்குருவி வேலியோரம் முழுக்கச் சொன்னது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் இன்னொருவரைத் தேடிப் போனார்கள்.

எட்டாம் நாள் மைனா தோப்பு வாய்க்காலில் இருந்தபோது, ஒரு செம்போத்து தண்ணீர் குடிக்க வந்தது.

“மைனா, உனக்கு ஓர் அதிசயம் சொல்லட்டுமா? தவளை விழுங்கும்போது கண்ணை மூடிவிடுமாம்!”

“யார் சொன்னார்கள்?”

“யார் சொல்லவில்லை என்று கேள். சாரைப் பாம்புக்குக்கூடத் தெரியும். முன்பெல்லாம் அது அசைந்தாலே தவளைகள் குளத்தில் குதித்துவிடும். இப்போது அசைவதே இல்லை. கோரைக்குள் படுத்திருக்கிறது. தவளை இரையைக் கவ்வட்டும் என்று காத்திருக்கிறது. கண் மூடியதும் பாய்கிறது. இந்த வாரம் மட்டும் மூன்று!”

மைனா சிரிக்கவில்லை. அது நேரே குளத்துக்குப் பறந்தது. அணிலும் ஆமையும் அங்கே இருந்தன. தவளை ஒரு கல்லுக்கடியில் சேற்றில் புதைந்து கிடந்தது.

“வெளியே வராதே!” என்று மைனா மூச்சிரைக்கச் சொன்னது. “சாரை...”

“தெரியும்” என்றது தவளை. “என் தங்கையை அது கொண்டுபோனபோது நான் எதிர்க்கரையில் இருந்தேன். அவள் வாயில் அப்போது ஒரு தும்பி இருந்தது.”



“நீ ஊரெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது!” என்று மைனா அணில்மேல் பாய்ந்தது.

“கண்டுபிடித்து வந்து சொன்னது யாராம்? நானா?”

“விடுங்கள்” என்றது ஆமை. “நானும்தான் வாயைப் பிளந்து கேட்டேன்.”

மைனா தலையைத் தாழ்த்தியது. “நான் பொய் எதுவும் சொல்லவில்லையே” என்று மெல்லச் சொன்னது.

“பொய்யாக இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள்” என்றது தவளை.

மைனா அன்றே வேலி வேலியாகப் போனது. அந்தச் செய்தி தவறு என்று சொன்னது. “பார்த்துவிட்டோமே!” என்று எல்லாரும் சிரித்தார்கள். இருட்டும் நேரத்தில் அது திரும்பி வந்து கல்லின் அருகே உட்கார்ந்தது.

“கண்ணை மூடாமல் விழுங்கிப் பாரேன்.”

“பார்த்தேன். இறங்கவில்லை.”

தவளை ஆறு நாள் சாப்பிடவில்லை. அதன் விலாவில் தோல் மடிந்து தொங்கியது. ஏழாம் நாள் பிற்பகலில் முதல் மழை பெய்தது. மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. கரையெல்லாம் சிறகு. வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கும் விருந்து அது. மைனாவுக்கு ஈசலைவிடப் பிடித்தது எதுவும் இல்லை.

தவளை கல்லுக்கடியிலிருந்து வெளியே வந்தது. “செத்தாலும் சரி, சாப்பிட்டுவிட்டுச் சாகிறேன்” என்றது.

மைனா இறங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றது. தவளைக்கு முதுகைக் காட்டி, கோரையைப் பார்த்தபடி நின்றது. “சாப்பிடு” என்றது.

தவளை ஓர் ஈசலைக் கவ்வியது. கண்களை மூடியது.

கோரையில் ஒரு தாள் மட்டும் காற்றில்லாமல் ஆடியது. மைனா கிறீச்சிட்டது! ஈசலை வாயில் வைத்தபடியே தவளை தண்ணீருக்குள் பாய்ந்தது. சாரை வெறும் சேற்றைக் கொத்தியது. தலையைத் தூக்கி மைனாவை வெகுநேரம் பார்த்தது. பிறகு வந்த வழியே போனது.

நண்பனின் கண் எப்போது மூடும் என்று அறிந்தவர் அந்த நேரத்தில் தம் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.

தவளை மறுபடியும் கரையேறியது. அணில் புற்றருகே ஈசலைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆமை மென்றுகொண்டிருந்தது. தவளை மைனாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கவ்வி, ஒவ்வொரு முறையும் கண்களை மூடியது. சிறகுதிர்ந்த ஈசல் ஒன்று மைனாவின் கால் விரல்மேல் ஏறி, மெல்ல நடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது. மைனா குனியவில்லை.