பேச்சிமுத்து வீட்டுப் பொரி

“மூணு புதன்கிழமை ஆச்சும்மா. எல்லார் சீட்டுக்கும் பதில் வந்துட்டு. என் சீட்டு மட்டும் உங்களுக்குக் கசக்குதா?”

கேட்டவர் ஏசுவடியான். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று.

பதில் சொல்ல வேண்டியவர் ஹெப்சிபா. கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரி. ஏசுவடியானின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் வேதபாடம் என்று வந்துவிட்டால் ஏசுவடியான் அவர் முன்னால் மாணாக்கர்தான். அதில் மனுஷருக்குக் கூச்சமே கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் கோயில் வராந்தாவில் பாய் விரிப்பார்கள். நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். யாருக்கு என்ன சந்தேகமோ சீட்டில் எழுதி அதில் போடலாம், பெயர் போட வேண்டாம். பெயர்தான் இல்லையே தவிர, எந்தக் கோழிக்கிறுக்கல் யாருடையது என்று சபைக்கே தெரியும்.

ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு மாவு ஆட்டலாமா என்று போன வாரம் ஒரு சீட்டு. திங்கட்கிழமை காலையில் உங்கள் வீட்டில் யாருக்குப் பசிக்கும் என்று கேட்டுவிட்டு ஹெப்சிபா அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

ஜெபம் பண்ணும்போது தூக்கம் வருகிறதே, என்ன செய்ய என்று இன்னொன்று. தூங்கி எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார்.

அவருடைய பதில் எல்லாம் அவ்வளவுதான். விரற்கடை நீளம்கூட இருக்காது.

ஏசுவடியானின் சீட்டை மட்டும் எடுப்பார், படிப்பார், மடித்துத் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். மூன்று வாரமாக இதே கதை. சீட்டில் இருந்தது ஒரே வரி.

‘விக்கிரகத்துக்குப் படைத்ததை விசுவாசி தின்னலாமா?’

இன்றைக்கு எல்லோரும் பாயைச் சுருட்டிவிட்டுப் போகும்வரை ஏசுவடியான் தூண் ஓரமாக நின்றார். ஆள் ஒழிந்ததும் வந்து உட்கார்ந்து கேட்டேவிட்டார்.

“அண்ணாச்சி, இதுக்கு வேதத்துல பவுல் என்ன எழுதியிருக்கார்னு உங்களுக்கே மனப்பாடம். என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?” என்றார் ஹெப்சிபா.

மனப்பாடம்தான். பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். விருந்துக்குப் போனால் எதையும் துருவித் துருவி விசாரிக்காமல் வைத்ததைச் சாப்பிடு என்று ஓரிடத்தில் இருக்கிறது. இது படைத்தது என்று எவனாவது வாய்விட்டுச் சொன்னால், சொன்னவனுக்காகத் தின்னாதே என்று அதற்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. ஏசுவடியான் இரண்டையும் ஒப்பித்தார். தன் கட்சியையும் சொன்னார். எவனும் சொல்லாவிட்டால் என்ன, ஆயுத பூஜைப் பொரி படைக்காமலா வரும்? இதை வேறு வாயைத் திறந்து சொல்ல வேண்டுமாக்கும்.

“யார் வீட்டுப் பொரி?”

ஏசுவடியான் எல்லாவற்றையும் கொட்டினார்.

பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். இருபத்தைந்து வருஷப் பழக்கம். காலையில் ஆறு மணிக்கு இரண்டு பேரும் தெருமுனையில் சேர்ந்து டீக்கடைக்கு நடப்பார்கள். அந்த டீ இல்லாவிட்டால் ஏசுவடியானுக்கு அன்றைய பொழுதே விடியாது.

ஒரு தடவை ஏசுவடியான் கம்பத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். நான்கு மாதம் கட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சிமுத்துதான் மொபெட்டின் பின்னால் அவரை உட்காரவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஆராதனை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்துக் கிடப்பார். பிரசங்கம் நீண்டுபோனால் திரும்பும் வழியெல்லாம் கேலிதான். உங்க போதகர் ஐயாவுக்கு வீட்டில் சோறு ஆக்கவில்லை போலிருக்கே என்பார்.

அப்பேர்ப்பட்டவர் பதினோரு வருஷமாக, சொந்தப் பட்டறை போட்ட நாளிலிருந்து, ஆயுத பூஜைக்கு ஒரு தட்டுப் பொரியும் கடலையும் கொண்டுவந்து கொடுப்பார். ஏசுவடியான் பல்லைக் காட்டி வாங்கிக்கொள்வார். ஆள் தலை மறைந்ததும் கொல்லைக்குப் போய்க் கோழிக்குப் போட்டுவிடுவார்.

இந்த வருஷம் போடும்போது பேச்சிமுத்துவின் மருமகள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் தெருமுனையில் பேச்சிமுத்து இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாராம். வீட்டில் டீ போட்டுக் குடித்துப் பார்த்தாயிற்று, தொண்டையில் இறங்கவில்லை என்றார் ஏசுவடியான்.

ஹெப்சிபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“கோழிக்கு ஒண்ணும் ஆகலையே?”

“நல்லாத்தான் இருக்கு.”

“முட்டை போடுதா?”

“போடுது.”

“அந்த முட்டைய என்ன செஞ்சீங்க?”

ஏசுவடியான் அவித்துத் தின்றிருந்தார். மிளகுப்பொடி தூவித்தான் தின்றிருந்தார். அதை ஊழியக்காரியிடம் எப்படிச் சொல்ல?

ஹெப்சிபா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“சரி அண்ணாச்சி. இப்ப உங்க முன்னால பொரி இருக்கா?”

“இல்ல.”

“அப்ப எதைத் தின்னலாமான்னு கேக்கீங்க?”

நல்ல கேள்விதான்.

“தட்டு மட்டும் கெடக்கு” என்றார் ஏசுவடியான். “அவர் பேர் வெட்டுன தட்டு. திருப்பிக் குடுக்கப் போக எனக்கு முகம் இல்ல.”

வீட்டுக்காரி ஞானப்பூ அதில் முந்திரிக்கொத்து வைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பதையும் சொன்னார். இதற்கென்றே பாகு காய்ச்சி உருட்டி எடுத்து வைத்திருக்கிறாள். சமாதானம் பேச இனிப்போடு போவதுதானே முறை?

ஹெப்சிபா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கினார்.

“ஒண்ணும் வைக்காதீங்க. வெறுந்தட்டக் கொண்டுபோயி, பொரி கேளுங்க.”

அவ்வளவுதான். வராந்தா விளக்கை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

* * *

வெறுந்தட்டா என்று ஞானப்பூ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற வீடா இது? ஒன்றும் இல்லாத காலத்தில்கூட ஒரு கை சீனி போட்டு அனுப்பிய வீடு. இருக்கிற மனஸ்தாபம் போதாதென்று இது வேறா என்றாள்.

ஏசுவடியானுக்கும் அதே நினைப்புதான். ஆனால் கேள்வி கேட்டவர் அவர். பதில் பிடிக்கவில்லை என்று பதிலை மாற்ற முடியுமா? காலையில் தட்டைத் துடைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே வந்த ஞானப்பூ ஒரு பொட்டலத்தைச் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

பட்டறை வாசலில் பேச்சிமுத்து ஒரு இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். ஏசுவடியான் தீப்பொறியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கம்பத்து உச்சியில் நின்ற காலத்தில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

பொறி அடங்கியது. பேச்சிமுத்து கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் குனிந்துகொண்டார்.

“தட்டு” என்றார் ஏசுவடியான்.

“அங்ஙன வச்சிட்டுப் போரும்.”

வைத்துவிட்டுப் போயிருக்கலாம். காலும் அதற்குத்தான் தயாராக இருந்தது. ஆனால் ஏசுவடியான் தட்டை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினார்.

“பொரி இருந்தா கொஞ்சம் போடும்வே.”

பேச்சிமுத்து நிமிர்ந்தார். வெறுந்தட்டைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி விட்டார். ஏசுவடியான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பொரி இருக்கு. ஆனா உமக்கு ஆகாது.”

“ஏன் ஆகாது?”

“இருக்கறது படைச்சதுல்லா?”

ஏசுவடியானுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்ப இத்தனை வருஷமாக் குடுத்தது?”

பேச்சிமுத்து அவரைப் பார்த்த பார்வை, இந்த ஆளுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்பதுபோல் இருந்தது.

“என்ன வே கேக்கீரு? உமக்குப் போயி படைச்சதக் குடுப்பனா? மூட்டையப் பிரிச்ச கையோட உம்ம பங்க அள்ளித் தட்டுல தனியா வச்சிருவேன். அதுக்கு அப்புறந்தான் மிஷினுக்குப் பொட்டு வைக்கது, சூடம் காட்டுதது எல்லாம். சந்தனக் கையோட அந்தத் தட்டத் தொட்டுரக்கூடாதுன்னு மருமவகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

பதினோரு வருஷத்துப் பொரி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவே இல்லை. ஏசுவடியானுக்குக் கண் கலங்கிவிட்டது, வெல்டிங் புகைமேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

“பெறகு ஏன் வே என் முகத்துல முழிக்கல?”

பேச்சிமுத்து கையுறையைக் கழற்றினார். அதன் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினார். கோபக்காரன் முகம் இல்லை அது. தப்புச் செய்தவன் முகமாக இருந்தது.

“கோழிக்குப் போட்டீராம்லா. மருமவ வந்து சொன்னா.”

“வே, அது வந்து...”

“நீரு ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். பூஜை முடிய மதியம் ஆயிரும். அதுவரைக்கும் உம்ம தட்டு தொறந்துல்லா கெடக்கு? காத்துப் பட்டு நமத்துப் போயிருக்கும். பதினோரு வருஷமா நமத்த பொரியக் குடுத்திருக்கேன், நீரும் மனசு நோகக்கூடாதுன்னு வாயத் தொறக்காம வாங்கியிருக்கீரு. அதான் உம்ம எதுக்க வர வெக்கமாப் போச்சு.”

அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு புத்தம்புது எவர்சில்வர் டப்பாவை ஏசுவடியானின் மடியில், வெறுந்தட்டின்மேல் வைத்தார்.

“அடுத்த வருஷத்துக்கு வாங்கி வச்சிட்டேன்வே. மூடி நல்லா இறுக்கமா இருக்கான்னு நீரே பாரும்.”