ஒரே நாளில் ஐந்து வயது

மருதவள நாட்டு அரசர் செங்கோடமாறர் யாருக்கும் பயப்பட மாட்டார், தன் மைத்துனரைத் தவிர. மைத்துனர் மழவராயர் முகம் சுளித்தால் மகாராணி மூன்று நாள் பேச மாட்டார். அந்த மழவராயர்தான் இளவரசன் இளவழுதியின் பதினாறாவது பிறந்தநாளுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்து இறக்கினார். பட்டு, பழத்தட்டு, ஒரு குதிரை. எல்லாவற்றுக்கும் நடுவில் வயிறு பெருத்த ஒரு மண்ஜாடி.

"மருமகனே, நீ பிறந்த அன்னைக்கு நானே வடிச்சு மண்ணுல புதைச்ச மது இது. உன்கூடவே வளர்ந்தது. நாளைக்கு விருந்துல முதல் கிண்ணம் உனக்குத்தான்!"

இளவரசனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அரசரோ வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோட்டை வாசலில் அவர் பாட்டனார் சட்டம் வெட்டிவைத்த கல் நிற்கிறதே! இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது வார்ப்பவர் யாரானாலும் சிறை.

உடனே சாத்தப்பரைக் கூப்பிட்டனுப்பினார். எந்தச் சிக்கலையும் அவிழ்க்கிற அமைச்சர் என்று ஊரே அவரைச் சொல்லும். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்றும் சொல்லும்.

"சாத்தப்பரே, சட்டமும் உடையக் கூடாது, மைத்துனரும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. நாளை விருந்துக்குள் என் மகனுக்கு இருபத்தொரு வயது ஆகிவிட வேண்டும்."

"நாளைக்குள்ளா?"

"ஆகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுக் கிளம்பும்!"

சாத்தப்பர் வாய்வரை வந்த கேலியை விழுங்கினார். போன அறுவடையின்போது தளபதியின் மகன், பதினேழு வயதுப் பையன், திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டுக் குதிரையை மதிலில் கொண்டுபோய் மோதினான். அவனைக் கட்டிலில் தூக்கிவந்தவர்களில் சாத்தப்பரும் ஒருவர். 'உடம்பும் மூளையும் முற்றாத வயசு, மது இரண்டையும் தின்றுவிடும்' என்று வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். பையன் இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறான். பெற்ற தாயின் பெயரைக் கேட்டால் யோசிக்கிறான். இளவழுதிக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று சாத்தப்பருக்கு நெஞ்சு பதறியது. தன் மூட்டை முடிச்செல்லாம் அவருக்கு அதற்குப் பிறகுதான்.

"ஆகட்டும் மகாராஜா," என்றார்.

மறுநாள் காலை தெருத்தெருவாக முரசு அறைந்தார்கள். "இன்று முதல் இளவரசருக்கு வயது இருபத்தொன்று! அரசர் ஆணை!"

விருந்து மண்டபம் நிரம்பியது. மழவராயர் ஜாடியின் மூடியில் கைவைத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள்!" சாத்தப்பர் ஒரு வெள்ளித்தட்டோடு வந்து அரசர் முன் நீட்டினார். "முத்திரை மோதிரத்தைக் கழற்றுங்கள் மகாராஜா."

"எதற்கு?"

"அதே கல்லில் அடுத்த வரி. இருபத்தொன்று நிரம்பிய இளவரசர் முத்திரை மோதிரம் அணிவார், அன்றுமுதல் அவர் வாக்கே அரச வாக்கு. தாங்களும் அந்த வயதில்தானே வாங்கிக்கொண்டீர்கள்?"

ஊரறிய முரசு அறைந்தாயிற்று. வேறென்ன செய்வார்? அரசர் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். இளவரசனின் விரலில் மோதிரம் லொடலொடவென்று ஆடியது.

மழவராயரின் கண் மின்னியது. "மருமகனே, அந்த ஆற்றுத் தீவை உங்க அப்பாகிட்ட பத்து வருஷமா கேட்டுட்டு இருக்கேன்..."

"எடுத்துக்குங்க மாமா."

"அக்கரைக் கோட்டையும்..."

"அதையும் எடுத்துக்குங்க. முதல்ல ஜாடியைத் திறங்க!"

அரசர் துள்ளி எழுந்தார். "ஐயையோ! குடித்தால் பிள்ளைக்குப் புத்தி இப்படியா போகும்?"

"ஜாடியை இன்னும் திறக்கவே இல்லை மகாராஜா," என்றார் சாத்தப்பர். "இது வெறும் வயதுதான். இதன்மேல் மூன்று கிண்ணம் மதுவும் போனால், நாளைக் காலையில் நாம் யாருடைய நாட்டில் கண்விழிப்போமோ!"

அரசர் பாய்ந்துபோய் மகனின் விரலிலிருந்து மோதிரத்தை உருவினார். "என் மகனுக்குப் பதினாறு! பதினாறே பதினாறு! அடியுங்கள் முரசை!"

தீவும் கோட்டையும் பிழைத்தன. இளவரசன் காது சிவந்து தலையைக் குனிந்துகொண்டான். மழவராயர்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "அப்போ என் சீரை நான் திருப்பி எடுத்துட்டுப் போகணுமா?"

மகாராணி அரசரை ஒரு பார்வை பார்த்தார். அரசர் சாத்தப்பரைப் பார்த்தார்.

சாத்தப்பர் ஜாடியின் வயிற்றை மெல்லத் தட்டினார். "எதற்குத் திருப்ப வேண்டும்? இளவரசரோடு பிறந்ததுதானே இதுவும்? பாவம், இதற்கும் பதினாறுதான். இன்னும் ஐந்து வருஷம் மண்ணுக்குள் இருந்து வளரட்டும்."

முதலில் சிரித்தது மகாராணி. அதன் பிறகுதான் அரசருக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது. சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பரின் கழுத்தில் போட்டார்.