ரெண்டு இஞ்ச் குறையுது

"அம்மா, என்னைய ஒருத்தன் ரெண்டு இஞ்ச் ஏமாத்திட்டான்."

கோமதியம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு அண்ணாச்சி?"

"லேப்டாப் கடைக்காரன்."

பாறையடி மடத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வருவார்கள். பிறவி எதற்கு, துக்கம் எங்கிருந்து வருகிறது, மனசு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று மடத்தை நடத்தும் கோமதியம்மாவிடம் கேட்பார்கள். தையற்காரர் பேச்சிமுத்து மட்டும் எதுவும் கேட்டதில்லை. மூன்று வருஷமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுவிட்டு, சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்.

அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் இதுதான். அதற்கும் வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியாமல், கடையைப் பாதியில் பூட்டிவிட்டுப் புதன்கிழமையே வந்து நின்றார்.

கோமதியம்மா அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். இருந்தாலும் இவருக்கு அவர் அம்மா. அவருக்கு இவர் அண்ணாச்சி. இரண்டு பேருக்கும் அது பொருந்திப் போயிருந்தது.

"உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

பேச்சிமுத்து கட்டைப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். ஒரு வேட்டியைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டையும் சுற்றி வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனால் குழந்தையைக் கையில் கொடுப்பார்களே, அந்தப் பக்குவத்தோடு அதைத் தரையில் வைத்தார்.

"எம் மக வாணி காலேஜ் சேருதா. பாளையங்கோட்டையில கம்ப்யூட்டர் படிப்பு. லேப்டாப் வேணும்னாங்க. கடைக்குப் போனோம். அவ ஒண்ணைக் காட்டினா. பதினாலு இஞ்ச்னான் கடைக்காரன். இஞ்ச் கணக்குல எனக்கு ஒருத்தன் காது குத்த முடியுமா?"

"முடியாது."

"கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து வச்சேன். பன்னெண்டே கால்தான் இருக்கு."

"கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்க? தெரிஞ்ச பையன். அவன் கல்யாணத்துக்குச் சட்டை தைச்சவன் நான். சிரிச்சுக்கிட்டே, பெரிசா ஒண்ணு எடுன்னேன். இந்தா, பதினேழுன்னு இதை எடுத்துப் போட்டான். எப்படியும் ரெண்டு குறைப்பான், பதினஞ்சாவது தேறும்னு வாங்கிட்டேன். வீட்டுல வந்து அளந்தா, பதினஞ்சேதான்."

ஏமாந்ததில் வருத்தம் இருந்தது. தன் கணக்கு தப்பாமல் போனதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டையும் அவரால் ஒளிக்க முடியவில்லை.

கோமதியம்மா கையைத் துடைத்துக்கொண்டார். அவருடைய காவிச் சட்டையின் முழுக்கை விரல் நுனி வரை இறங்கிக் கிடந்தது. அதை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, "டேப்பைக் கொடுங்க," என்றார்.

மூடியைத் திறந்தார். டேப்பின் ஒரு நுனியைத் திரையின் கீழ் மூலையில் வைத்தார். இன்னொரு நுனியை எதிர்ப் பக்கத்து மேல் மூலைக்கு இழுத்தார்.

"பாருங்க."

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். பதினேழே கால்.

"குறுக்கவா அளக்கது?"

"இதுக்கு அப்படித்தான்."

"துணிய யாராவது குறுக்க அளப்பாங்களாம்மா?"

"இது துணி இல்லையே, அண்ணாச்சி."

பேச்சிமுத்து சிரித்துவிட்டார். மனசுக்குள் அந்தக் கடைக்காரப் பையனிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கால் இஞ்ச் கூடவே கொடுத்திருக்கிறான். நல்ல பையன்தான். லேப்டாப்பைத் துண்டால் சுற்றி, வேட்டியால் சுற்றி, பைக்குள் வைத்தார்.

"அப்ப சரிம்மா. வாரேன்."

"வாணி என்ன சொல்லுதா?"

எழுந்தவர் அப்படியே நின்றார்.

"அவ என்ன சொல்லுவா. உங்க இஷ்டம்ப்பான்னா."

"திறந்து பார்த்தாளா?"

"பீரோ மேல தூக்கி வச்சிட்டா. காலேஜ் திறக்கட்டும்னா."

அம்மா புளிப்பக்கம் திரும்பிவிட்டார். பேச்சிமுத்து மறுபடி உட்கார்ந்தார். இத்தனை நாளும் மனசை உறுத்தியது அந்த ரெண்டு இஞ்ச்தான் என்று நினைத்திருந்தார். ரெண்டு இஞ்ச் போய்விட்டது. உறுத்தல் அங்கேயே இருந்தது.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதாம்மா," என்றார். "அவ காலேஜுக்குப் போறதுக்கு நான் வாங்கிக் கொடுக்குத பொருள் இது. அதைப் பார்த்து அவ முகம் மலரணும். மலரலை. அந்தக் கடுப்புதான் கடைக்காரன் மேல திரும்பியிருக்கு."

"ஏன் பெரிசா எடுத்தீங்க?"

"மூணு வருஷம் படிக்கணும். வளர்ற புள்ள."

கோமதியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சட்டைக்கை நழுவிப் புளியில் தோய்ந்தது. மறுபடி ஏற்றிவிட்டுக்கொண்டார்.

அவர் சிரித்தது பேச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத் தைப்பதுதானே அவர் தொழில். ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபார்ம் அவர் மிஷினில் ஓடியதுதான். உள்ளே நாலு விரல் துணி விட்டு மடித்துத் தைப்பார். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அந்த நாலு விரலுக்காகவே தாய்மார்கள் வேறு கடைக்குப் போவதில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கீறல் இல்லாமக் கொண்டாந்தா மாத்தித் தாரேன்னு சொல்லியிருக்கான்," என்றார். "எந்த அளவு எடுக்கணும்னு நீங்களே சொல்லிருங்க. பதினாலா, பதினஞ்சரையா, இதுவே இருக்கட்டுமா?"

"இதுக்கு ஒரு பை தைங்க."

"பையா?"

"வாணி தோள்ல மாட்டுத மாதிரி. புதுத்துணி வேண்டாம். அவ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போன யூனிபார்ம்ல தைங்க."

"அளவும்மா?"

"தையக்காரர் நீங்க. என்கிட்ட கேக்கீங்களே."

பேச்சிமுத்து கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். லேப்டாப்புக்கு அளவு கேட்டால் பை தைக்கச் சொல்கிறார்களே என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டார். ஆனால் கத்தரி எடுக்கிற வேலை என்றால் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிடும்.

மறுநாள் காலையில் வாணியின் பழைய யூனிபார்ம்களைப் பரணிலிருந்து இறக்கினார். ஆறாம் வகுப்புப் பாவாடையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு சுடிதார் வரை எல்லாம் இருந்தன. அவள் எதையும் கிழித்ததில்லை.

முதல் பாவாடையின் மடிப்பைப் பிரித்தார்.

வெளியே துவைத்துத் துவைத்துச் சாம்பலாகிப்போன நீலம். மடிப்புக்குள்ளே, கடையில் கிழித்துக் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே நீலம்.

அடுத்ததைப் பிரித்தார். அதுவும் அப்படியே. அடுத்தது. அதற்கு அடுத்தது.

ஒரு மடிப்பும் ஒரு நாளும் பிரிக்கப்படவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் மாதம் வந்தால் மடிப்பைப் பிரித்துவிடுவது அவர்தான். தையற்காரர் மகள் பிரித்துத் தைத்ததையா போடுவாள் என்று வாணிக்கு மட்டும் வருஷா வருஷம் புதுசு. அதையும் வளர்கிற பிள்ளை என்று பெரிதாகவே தைத்தார். அவள் அதற்குள் வளர்ந்து வருவதற்கு முன்னால் அதைவிடப் பெரிய அடுத்தது வந்துவிடும்.

அந்தப் பெண் ஏழு வருஷமும் தன் அளவுக்கு ஒன்றைக்கூடப் போட்டதில்லை. ஊருக்கெல்லாம் அளவு பார்த்தவர் வீட்டில்.

சாம்பல் நீலமும் புது நீலமும் மடியில் கிடக்க, மிஷின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு பையைத் தைத்தார். முதல் பாவாடையை மட்டும் வெட்டினார்; பதினேழு இஞ்ச் உள்ளே போக அதன் சாம்பல் நீலம் போதவில்லை, மடிப்புக்குள் இருந்த புது நீலத்தையும் சேர்த்து ஒட்டுப் போட்டார். தைத்து முடித்து லேப்டாப்பை உள்ளே வைத்து, "வாணி, இங்க வா," என்று கூப்பிட்டார்.

அவள் வந்து பையைப் பார்த்தாள்.

"என் யூனிபார்மாப்பா இது?"

"ஆமா. மாட்டு. வார் நீளம் பாக்கணும்."

மாட்டினாள்.

"பஸ்ல எப்படிப் போவே?"

"காலையில அந்த பஸ்ல உக்கார இடம் எங்க கிடைக்கும்? நின்னுக்கிட்டுத்தான்."

"நின்னு காட்டு."

வாணி சிரித்துக்கொண்டே கொடிக்கயிற்றை எட்டிப் பிடித்தாள். பஸ் கம்பி என்று வைத்துக்கொண்டாள். பிரேக் போட்டது போல ஒரு தடவை முன்னால் சாய்ந்தாள். பை முன்னால் ஓடி, முழங்காலில் முட்டி, அவளையும் ஒரு எட்டு இழுத்துக்கொண்டு போனது.

"கனக்குதா?"

"இல்லப்பா."

வாய் இல்லை என்றது. எத்தனையோ தோள்களைப் பார்த்த கண்ணுக்கு இடது தோள் இறங்கியது தெரிந்தது. தோள் இறங்கினால் பேச்சிமுத்துவிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

அவர் பையை அவள் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு எட்டு நடந்து பார்த்தார்.

"உனக்கு எதும்மா வேணும்?"

யாரும் இதுவரை கேட்காததைக் கேட்டது போல வாணி அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கடையில காட்டினேனே. அது."

"அப்பவே வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"நீங்க எதையும் பெரிசாத்தானேப்பா எடுப்பீங்க." அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. "எப்பவும் போல வளர்ந்துக்கிடலாம்னு இருந்துட்டேன்."

பேச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்போது வியர்க்கவில்லை.

"செருப்பைப் போடு," என்றார். "கடைக்குப் போவோம்."

கடைக்காரப் பையன் பெரியதை வாங்கி, கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பதினாலு இஞ்சை எடுத்து வைத்தான்.

"டேப் வச்சுப் பாக்கலையா அண்ணாச்சி?"

"அவ பாத்துக்கிடுவா."

வாணி அதைக் கையில் எடுத்தாள். ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்பா எதிரே இருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் திருப்பிய பக்கம் கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் தெரிந்த முகத்தை அவர் வேண்டிய அளவு பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கே பையைப் பிரித்துச் சின்னதாக்கினார். அளவு குறைந்துவிட்டதால் ஒட்டுப் போட்ட துணியெல்லாம் மிச்சம் விழுந்தது. அதில் மவுஸ் வைக்க ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கோமதியம்மா அதே புளியோடு உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் மரம் நன்றாகக் காய்த்திருந்தது.

"பை எங்க அண்ணாச்சி?"

"வாணி தரமாட்டேன்னுட்டா. தோளை விட்டு இறக்கினாத்தானே வாங்கிட்டு வர. காலேஜ் திறக்க இன்னும் நாள் கிடக்கு, அதுக்குள்ள அதை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளேயே நடக்கா."

"நல்லது."

"கேக்க வேண்டியதை அவகிட்ட கேட்டேம்மா."

"நல்லது."

பேச்சிமுத்து வழக்கமான தூணில் சாய்ந்தார். மனசில் எந்த உறுத்தலும் இல்லை. வேப்பமரத்துக் காற்று வந்தது. வாழ்க்கையில் இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று இருந்தது அவருக்கு. இனி அடுத்த மூன்று வருஷத்துக்கு எதுவும் கேட்காமல் இருந்துவிடலாம்.

கோமதியம்மா புளியை எடுத்தார். சட்டைக்கை நழுவி விரலை மூடியது. ஏற்றிவிட்டார். கொட்டையை எடுத்தார். மறுபடி நழுவியது. ஏற்றிவிட்டார்.

பேச்சிமுத்துவின் கண் அந்தக் கையில் போய் நின்றது. நுனியில் இருந்த தையலைப் பார்த்தார். உள்ளே மடித்திருந்த நாலு விரல் துணியைப் பார்த்தார். அந்த மடிப்பை அவருக்கு இருட்டில் தொட்டுப் பார்த்தாலும் தெரியும்.

"அம்மா."

"சொல்லுங்க."

"அந்தச் சட்டை நான் தைச்சதுதானே? முதமுதல்ல இங்க வந்தப்ப தைச்சுக் கொண்டாந்தேனே."

"ஆமா அண்ணாச்சி."

"மூணு வருஷமா இப்படியே ஏத்தி ஏத்தி விட்டுக்கிட்டா இருக்கீங்க?"

அம்மா சிரித்தார்.

"ஏம்மா நீங்களும் சொல்லலை?"

கோமதியம்மா புளியைத் தட்டில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முன்னால் நேராக நீட்டினார்.

பேச்சிமுத்து கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார்.