நூகு லெப்பை வாங்கிய முதல் கல்

"ஹஜரத், என் மகனைக் கத்தாருக்கு அனுப்பலாமா, வேண்டாமா?"

கேட்டவர் நூகு லெப்பை. கல் வியாபாரி. மாணிக்கம், மரகதம், நீலம் என்று வாங்கி விற்றே தலை நரைத்தவர். சட்டைப் பையில் லென்ஸ் இல்லாமல் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பால்காரர் பால் ஊற்றும்போதுகூட அவர் கை அந்தப் பைக்குப் போகும் என்பார்கள். அது கேலிக்குச் சொல்வது. ஆனால் நம்பும்படியாக இருந்தது.

கேட்கப்பட்டவர் ஹபீபு ஹஜரத். கடற்கரையோரம், தைக்கா என்று சொல்கிற ஒரு சின்னத் தொழுகை இடத்தில் தங்கி, தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்கிற ஞானி. நூகு லெப்பையைவிட வயதில் இளையவர். அதனால் தன் சீடரான அவரைக் "காக்கா" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரில் அண்ணனுக்கு அதுதான் மரியாதை.

"கத்தாருக்கு எதுக்கு?"

"பந்து விளையாட."

"எவ்வளவு நாள்?"

"ஒரே ஒரு ஆட்டம், ஹஜரத். அதுக்கு விமானம் ஏறிப் போகணுமாம். கடலைத் தாண்டிப் போய்த்தான் ஒரு பந்தை உதைக்கணுமா? இங்கே உதைச்சா உருளாதா?"

ஹஜரத் சிரிக்கவில்லை.

"தாவூது என்ன சொல்றான்?"

"அவன் என்னத்தைச் சொல்வான்? பதிமூணு வயசு. பூட்ஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறான்."

அன்று மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பையனின் பாஸ்போர்ட்டைப் பயிற்சியாளர் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் தாவூதின் இடத்தில் வேறொரு பையன் போவான். பாஸ்போர்ட் நூகு லெப்பையின் சட்டைப் பையில், லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நாளாகவே அங்கேதான் இருக்கிறது. வீட்டில் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டார். பையன் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டான்.

"உங்களுக்கு எதுல சந்தேகம், காக்கா?"

"எல்லாத்துலயும்."

"ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"முதல்ல அந்தப் பயிற்சியாளர். ரெமிஜியுஸ். தூத்துக்குடிக்காரர். அங்கேயிருந்து பஸ் ஏறி வந்து எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறார். எங்க பிள்ளைங்க மேல அவருக்கு அப்படி என்ன அக்கறை?"

"விசாரிச்சீங்களா?"

"அவர் தெருவுக்கே போய் விசாரிச்சேன். நல்லவர்னாங்க. எல்லாருமே சொன்னாங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லலை, ஹஜரத். ஒரு தெருவே சேர்ந்து ஒருத்தரை நல்லவர்னு சொல்லுமா?"

"அப்புறம்?"

"கூப்பிட்டது கத்தார்ல இருக்கிற நம்ம ஊர்ச் சங்கத்துக்காரங்க. டிக்கெட்டு அவங்க செலவு, சோறு அவங்க செலவு. ஏன்? அவங்க வீட்டுக் கல்யாணமா இது?"

"அதை விசாரிச்சீங்களா?"

"விசாரிக்காம இருப்பேனா? என் மச்சான் மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். மைதானத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். பிள்ளைங்க தங்குற இடத்தையும் பார்த்தான். கட்டிலை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடலைன்னான்."

"அப்ப எல்லாம் சரியா இருக்கு."

"அதுதான் ஹஜரத் என் சந்தேகமே!"

நூகு லெப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு கல்லை லென்ஸ்ல பார்க்கிறேன்னு வைங்க. உள்ளே கோடு இருந்தா அது கல்லு. குமிழ் இருந்தா கண்ணாடி. ஒண்ணுமே இல்லாமச் சுத்தமா இருந்தா மெஷின்ல செஞ்சது. இந்தக் கத்தார் சமாச்சாரத்தில எங்கேயும் ஒரு கோடுகூட இல்லை."

"கோடு இருந்தா அனுப்புவீங்களா?"

"கோளாறான இடத்துக்கு எப்படிப் பிள்ளையை அனுப்புறது?"

"கோளாறு இல்லாட்டி?"

"இப்பதானே சொன்னேன். போலி."

ஹஜரத் கூஜாவைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். நூகு லெப்பை அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

குடித்து முடிக்கும்போது அவர் கண் வாசல் மணலில் விழுந்தது. அங்கே ஒரு தடம். அடியில் குமிழ் குமிழாக வைத்த பந்தாட்ட பூட்ஸின் தடம். பெரிய ஆள் கால்.

"ரெமிஜியுஸ் இங்கே வந்தாரா?"

"வந்தார்."

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். இப்போது அவரும் போனார்.

"எதுக்கு வந்தார்?"

"தண்ணி கேட்டார்."

"வேற?"

"இன்னொரு டம்ளர் கேட்டார்."

"என் மகனைப் பத்திப் பேச்சே வரலையா?"

"அவரும் சொல்லலை. நானும் கேட்கலை."

நூகு லெப்பை நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஹஜரத் அதைப் படித்தார்.

"பாஸ்போர்ட்டை எங்கிட்ட குடுங்க, காக்கா."

நூகு லெப்பையின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அவர் சொல்லி அது போகவில்லை, தானாகப் போனது.

"எதுக்கு ஹஜரத்?"

"சும்மா பார்க்கத்தான்."

"பார்த்துட்டு?"

ஹஜரத் இப்போது சிரித்தார். நன்றாக வாய்விட்டே சிரித்தார். நூகு லெப்பைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"சரி, வேண்டாம். உங்ககிட்டயே இருக்கட்டும். இப்படிப் பார்க்கிறதுக்கு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

இது நூகு லெப்பைக்குப் பிடித்த கேள்வி. மணிபர்ஸை எடுத்தார். உள்ளறையிலிருந்து ஒரு சின்னத் தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு பச்சைக் கல்.

"இதுதான்."

"மரகதமா?"

"கண்ணாடி. உள்ளே குமிழ் இருக்கு. லென்ஸ் தரவா?"

"வேண்டாம். கதையைச் சொல்லுங்க."

அந்த ஊர் ஆண்பிள்ளைகள் மீசை முளைப்பதற்குள் சபர் போய்விடுவார்கள். கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு அங்கே அப்படிப் பெயர். நூகு லெப்பையை அவருடைய வாப்பா பதிமூன்று வயதில் பாங்காக்குக்கு அனுப்பினார், ஒரு கல் கடையில் எடுபிடியாக. போன புதிதில், கடைத்தெருவில் எவனோ ஒருவன் உள்ளங்கையை விரித்து இந்தப் பச்சையைக் காட்டினான். பையன் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்து வாங்கிவிட்டான். பெருமையோடு முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"முதலாளி லென்ஸை வச்சார். எடுத்தார். பக்கத்துல இருந்தவர்கிட்ட குடுத்தார். அவரும் பார்த்தார். அப்புறம் கடையே சிரிச்சது, ஹஜரத். கழிவறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கிட்டு அழுதேன். வாப்பான்னு கூப்பிட்டு அழுதேன். அவர் எங்கே வரப் போறார், அவர் இங்கே ஊர்ல இருக்கார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அன்னையிலேருந்து லென்ஸ் இல்லாம நான் எதையும் பார்க்கிறதில்லை. என் குரு இதுதான்."

"அப்ப நான்?" என்றார் ஹஜரத்.

நூகு லெப்பை கல்லைத் தாள் மேல் வைத்தார்.

"நீங்க மறுமைக்கு, ஹஜரத். இது இம்மைக்கு."

ஹஜரத் தலையசைத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"என் பிள்ளை எங்கேயோ போய், கதவைப் பூட்டிக்கிட்டு அழக் கூடாது," என்றார் நூகு லெப்பை. "அதுக்குத்தான் இவ்வளவும்."

ஹஜரத் அந்தப் பச்சைக் கல்லை விரலால் சுட்டினார்.

"இதை ஏன் வாங்கினீங்க, காக்கா?"

"தெரியாம வாங்கினேன்."

"கண்ணாடின்னு தெரியாது. சரி. ஏன் வாங்கினீங்க?"

"சின்ன வயசு. ஏமாந்துட்டேன்."

"ஏமாந்தது வாங்கின பிறகு. நான் அதுக்கு முன்னாடி கேட்கிறேன். கடைத்தெருவில எத்தனையோ பேர் எத்தனையோ கல்லைக் காட்டியிருப்பாங்க. இதை ஏன் வாங்கினீங்க?"

நூகு லெப்பை கல்லைப் பார்த்தார். பழக்க தோஷம், லென்ஸ் கண்ணுக்குப் போய்விட்டது. குமிழ் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"ஞாபகம் இல்லை ஹஜரத்."

"அப்ப விசாரிங்க. அவ்வளவு பேரை விசாரிச்சீங்களே, இதையும் விசாரிங்க."

ஹஜரத் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"யார்கிட்ட விசாரிக்கிறது?" நூகு லெப்பை கதவைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப அந்த வயசில இருக்கிற யார்கிட்டயாவது," என்றது கதவு.

*

மைதானத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பையன்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தார்கள். தாவூது ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே, பூட்ஸ் கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு, மணலில் உட்கார்ந்திருந்தான்.

ரெமிஜியுஸ் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். பாதித் தூரம் வந்தார். நூகு லெப்பையின் முகத்தையும் சட்டைப் பையையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். ஏன் கேட்கவில்லை? நூகு லெப்பைக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது.

மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டியது. பையன் நிமிரவில்லை.

"தாவூது, இதைக் கொஞ்சம் பாரு."

பையன் வேண்டா வெறுப்பாகக் கல்லை வாங்கினான்.

"இந்தா, லென்ஸ்."

"வேண்டாம் வாப்பா."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கல்லைச் சாயும் சூரியனுக்கு நேராகப் பிடித்தான். அவன் கன்னத்தில் ஒரு பச்சைப் பொட்டு விழுந்து நடுங்கியது. முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"உள்ளே கடல் இருக்கு வாப்பா."

தாவூது கல்லை இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"கடலுக்குள்ள ஒரு மீன் இப்பதான் மூச்சு விட்டுட்டுப் போயிருக்கு. குமிழ் நிக்குது."

"குமிழ் தெரியுதா உனக்கு? லென்ஸ் இல்லாமலா?"

"தெரியுதே."

"குமிழ் இருந்தா என்ன?"

"கண்ணாடி. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"கண்ணாடின்னு தெரிஞ்சும் ஏன்டா அப்படிப் பார்க்கிறே?"

தாவூது வாப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தான். இதையெல்லாம்கூட ஒரு பெரிய மனுஷர் கேட்பாரா என்கிற பார்வை.

"அழகா இருக்கே, வாப்பா."

நூகு லெப்பை கையை நீட்டினார். பையன் கல்லைக் கொடுத்தான். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கல்லைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். வெகு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, துடைக்கவில்லை.

"அதுக்குத்தான் வாங்கினேன்," என்றார்.

"எதுக்கு வாப்பா?"

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொல்ல மோதினார் தொண்டையைச் செருமினார்.

நூகு லெப்பை கல்லை மகன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். முதலில் லென்ஸ்தான் வந்தது. அதை மணலில் போட்டுவிட்டு மறுபடியும் கையை விட்டார்.

"இந்தா. ஓடு."