தாய்மாமன் ஏறிய கார்

கூழாங்குளத்து வடமலையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தனக்கு அறிவு மட்டு என்பதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், அடுத்தவருக்கு அந்தச் சிரமத்தை வைக்க மாட்டார். “நாம மடையனுங்க. அதனால விவரம் தெரிஞ்சவன் சொன்னதை ஒரு எழுத்து பிசகாம செஞ்சிரணும்” என்பார். மச்சான் தவசியும் பக்கத்து வீட்டு ஏகாம்பரமும் இதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டுவார்கள்.

தங்கச்சி வள்ளிக்கொடியின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வடமலை மாலை போட்டால்தான் பெண் மணவறைக்கு வரும். மண்டபம் ஆறு கிலோமீட்டர். போவதற்கு வடமலையின் பழைய கார் இருந்தது. முதல் நாளே பஞ்சர் கடை தஸ்தகீர் பாயிடம் யோசனை கேட்டு வந்தார்.

“டயர் சூடா இருக்கையில காத்து பாக்காதீங்க. நல்லா ஆறினப்புறம் நாலுலயும் பாருங்க. ஸ்டெப்னியை மறக்காம கையோட கொண்டு போங்க” என்றார் பாய்.

கல்யாணத்தன்று காலை டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். வெயில் பட்டு லேசாகச் சுட்டது. ஏகாம்பரம் முறத்தால் விசிறினார். தவசி, காபி ஆற்றுகிறவரைப் போல உதட்டைக் குவித்து ஊதினார். ஒரு மணி நேரத்தில் நான்கும் ஆறின.

அடுத்து காற்றைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? வால்வைக் கழற்றினார்கள். புஸ்ஸென்று வந்தது.

“பாத்தியா மாப்ளே?”

“பாக்கல மச்சான். மூஞ்சியில பட்டுச்சு.”

“கண்ணைச் சிமிட்டியிருப்பே. அடுத்த டயர்ல நான் பாக்கறேன்.”

அவரும் பார்க்கவில்லை. ஏகாம்பரம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. நாலாவது டயரை மூவரும் சேர்ந்து முறைத்துப் பார்த்தும் பயனில்லை. கார் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

கடை திறக்கப் போய்க்கொண்டிருந்த பாய் இதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். கால் பம்ப் கொண்டுவந்து நான்குக்கும் காற்று அடித்தார். அப்போதுதான் முன் டயர்களைக் கவனித்தார்.

“அண்ணாச்சி, இது ரெண்டும் மொட்டை டயர். தூறல் விழுந்தாலே வழுக்கி விட்டுரும். புதுசு வாங்குற வரைக்கும் பின்னாடி இருக்கிறதை முன்னாடியும், முன்னாடி இருக்கிறதைப் பின்னாடியும் ஆக்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள். ஜாக்கி கிடையாது. முகூர்த்தம் பத்தரைக்கு. 

தவசி நெடுநேரம் காரைச் சுற்றி வந்தார். “மச்சான், முன்னாடின்னா எது?”

“நாம போற பக்கம்.”

“அப்ப ரிவர்ஸ்ல போனா?”

வடமலை எழுந்து மச்சானைக் கட்டிக்கொண்டார். “நம்ம குடும்பத்துல இப்படி ஒரு மூளையா!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பினார்கள், பின்பக்கமாக. தவசி கழுத்தைத் திருப்பியபடி ஓட்டினார். வடமலை மாலையோடு பின்கண்ணாடி வழியே பாதை பார்த்தார். ஏகாம்பரம் ஸ்டெப்னியைக் கையில் ஏந்தியிருந்தார். கையோடு என்று பாய் சொல்லியிருந்ததால் மடியில் வைக்கவில்லை. மாட்டுவண்டி ஒன்று ஹாரன் கேட்காமலே ஒதுங்கி வழிவிட்டது.

பத்து மணிக்கு மண்டபத்தின் கேட்டுக்குள் கார் பின்பக்கமாகவே நுழைந்து, மூக்கை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வடமலையை முன்பின் பார்த்திராதவர், ஓடி வந்தார்.

“என்னங்க, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க! சாப்பிட்டீங்களா?”

வடமலை பொய் சொல்லாதவர். காலையில் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தார். “சாப்பிட்டோம்” என்றார்.

“ரொம்ப சந்தோஷம். பத்திரமா போயிட்டு வாங்க.” ஜன்னல் வழியே மூன்று தாம்பூலப் பைகள் உள்ளே வந்தன.

பெரியவர் கை கூப்பிவிட்டு உள்ளே போனார்.

“பொண்ணைக்கூடப் பாக்கலையே மாப்ளே” என்றார் வடமலை. 

“தாம்பூலம் எப்பக் குடுப்பாங்க மச்சான்?”

“கல்யாணம் முடிஞ்சதும்.”

“நம்ம கையில இருக்கிறது என்ன?”

வடமலை பையைப் பார்த்தார். தேங்காய், வெற்றிலை, பாக்கு எல்லாம் சரியாக இருந்தன. “கண்ணு முன்னாடி நடந்த கல்யாணம் நமக்குத் தெரியலைன்னா அது நம்ம அறிவு மட்டுதான். கல்யாணத்து மேல குத்தம் சொல்லக் கூடாது” என்று பெருமூச்சு விட்டார்.

காரை ரோட்டில் திருப்பி, மறுபடியும் ரிவர்ஸில் ஊரைப் பார்க்க விட்டார்கள். பாதி வழியில் வடமலையின் போன் அடித்தது. வள்ளிக்கொடி.

“அண்ணே, எங்கண்ணே இருக்க? உன் மாலைக்காகப் பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கா!”

வடமலை திடுக்கிட்டுப் போனார்.

“என்னம்மா சொல்றே? நாங்க கல்யாணத்தை முடிச்சுட்டு வீட்டுக்கே வந்துக்கிட்டு இருக்கோம். பெத்தவ நீ, இன்னுமா போய்ச் சேரல? சீக்கிரம் போம்மா, அங்க தாம்பூலமே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க!”