கீவாவில் வாங்கிய வசவு

லெஃப்தேரிஸ் ஐம்பது வயது கிரேக்கர். உஸ்பெகிஸ்தானிலும் கிரேக்கத்திலும் ஊருக்கு ஊர் பேச்சு எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டு எழுதக் கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. குறிப்பேடு மட்டும் பளிச்சென்று காலியாக இருந்தது.

"தோற்றுவிட்டேன், குருவே," என்றார்.

குருவான நிகோரா உஸ்பெக் பெண்மணி; அவரைவிட எட்டு வயது இளையவர். வாய்தான் மூத்தது.

"யாரிடம் தோற்றீர்கள்?"

"கிரேத்தா தீவில் கேட்டால், ஏதென்ஸ் பேச்சு. இந்தக் கீவா ஊருக்கு வந்து கேட்டால், தலைநகர் தாஷ்கந்து வானொலிப் பேச்சு. ஒருவருக்கும் சொந்தப் பேச்சே கிடையாதா? நாளைக்கே மூட்டை கட்டுகிறேன்."

"அவர்களிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள்?"

"சுத்தமாக. ஒரு பிழை இல்லாமல்."

"அதானே பார்த்தேன்," என்று நிகோரா எழுந்தார். "வாருங்கள், டீ குடிக்கலாம்."

ரொட்டி சுட்டு விற்கும் ஆனபீபியின் வீட்டுக்குப் போனார்கள். விரிப்பில் டீயும் சூடான வட்ட ரொட்டிகளும் வந்தன. லெஃப்தேரிஸ் ரெக்கார்டரை நடுவில் வைத்து, எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவீர்கள் என்று கேட்டார்.

ஆனபீபி தலைத்துணியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார்.

"எமது இல்லத்தில் அதிகாலையிலேயே அடுப்பு மூட்டப்படுகிறது."

கேட்டீர்களா என்பதுபோல லெஃப்தேரிஸ் குருவைப் பார்த்தார்.

நிகோரா கையை நீட்டினார். ஒரு ரொட்டியை எடுத்து விரிப்பில் குப்புறப் போட்டார். உஸ்பெக் வீடுகளில் செய்யவே கூடாத காரியம்.

"அடிப்பாவி!" வானொலி அதோடு நின்றது. அசல் கீவாப் பேச்சு கொட்டியது. "ரொட்டியப் போயி யாராச்சும் கவுத்துப் போடுவாளா? படிச்ச கழுத! ஏன்யா, நீயும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்க! திருப்பி வைக்க ஒனக்குக் கையில்ல?"

லெஃப்தேரிஸ் பதறிப்போய் இரண்டு கையாலும் ரொட்டியைத் திருப்பி வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. இந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

தெருவுக்கு வந்தபோது குறிப்பேட்டில் முதல் பக்கம் நிரம்பியிருந்தது.

"கிரேத்தாவுக்குத் திரும்பப் போகிறேன், குருவே. அங்கே நான் எதைக் கவிழ்ப்பது?"

"ஒன்றையும் கவிழ்க்காதீர்கள். வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருங்கள். பக்கத்து வீட்டுக்காரி என்றைக்கு உங்களைத் திட்டுகிறாளோ, அன்றைக்குக் குறிப்பேட்டை எடுங்கள்."